‘கிளெய்ம்’ எண்டா என்ன? விண்ணப்பமோ, நட்டஈடோ, கோரலோ?

போன கிழமை பக்கத்து வீட்டு மாமி ஒரு பழைய பைலைக் கொண்டுவந்து மேசையில வச்சா. தகரப்பெட்டிக்குள்ள கனகாலம் கிடந்ததாலை ஓரமெல்லாம் கறள் பிடிச்சிருக்கு. உள்ள மாமான்ர பாஸ்போட் கொப்பி, பிளேன் டிக்கட்டின்ர துண்டு, ஒரு சத்தியக்கடதாசி, பேந்து ஒரு இங்கிலிஷ் போம். மாமா 1990ல குவைத்தில ட்ரைவரா நிண்டவர், ஈராக் ஆமி ஓகஸ்ட் 2ம் தேதி உள்ள பூந்ததோட கையில கிடந்ததோட ஓடிவந்த ஆக்களில அவரும் ஒராள். அந்தப் போமில ‘கிளெய்ம்’ எண்டு அச்சடிச்ச சொல்லுக்குப் பக்கத்தில ஆரோ பென்சிலால ‘விண்ணப்பம்’ எண்டு எழுதி வச்சிருக்கினம். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில ஏதோ புரொஜெக்டாம், “உது சரியோ தம்பி?” எண்டு கேட்டா. சரியில்லை மாமி எண்டு சொல்லிப்போட்டன், ஏன் சரியில்லை எண்டு சொல்லத்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதவேண்டிக் கிடக்கு.

விண்ணப்பம் எண்டது வடமொழிப் பக்கத்தில இருந்து பிராகிருதத்துக்குள்ளால வந்த சொல், பெரியவரிட்ட பணிவாத் தெரியப்படுத்துறது எண்டதுதான் அடிக்கருத்து. கோயிலில சாமிக்கு விண்ணப்பம், கச்சேரியில ஐயாவுக்கு விண்ணப்பம், அவர் மனம் வச்சாத் தருவார், இல்லாட்டி இல்லை. கிளெய்ம் அப்பிடியில்லை. அது லத்தீனில ‘கிளாமாரே’, கத்துறது, கூவுறது. பிரெஞ்சுக்குள்ளால இங்கிலிஷுக்கு வந்தது. “இது என்ர, தா” எண்டு நாலு பேர் கேக்கச் சத்தம் போடுறது, அவ்வளவுதான். ஒண்டு குனிஞ்சு நிண்டு கேக்கிறது, மற்றது நிமிர்ந்து நிண்டு கேக்கிறது, ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா கேக்கிறவன்ர முதுகை நாங்களே வளைச்சு விட்டமாதிரி.

அப்ப நட்டஈடு எண்டு எழுதலாமோ எண்டா அதுவும் இல்லை, அது கடைசியில வாற காசு. ஆனா சொல் எண்டு பாத்தா நல்ல சொல். நஷ்டம் நட்டமாகி (இஷ்டம் இட்டமானமாதிரி) அதோட எங்கட ‘ஈடு’ ஒட்டியிருக்கு. ஈடு எண்டா சமம், ஒண்டுக்குப் பதிலா நிக்கிறது. எங்கட பக்கத்தில காணியை ஈடு வச்சுக் காசெடுப்பினம், அதுக்கு எழுதுறது ஈட்டு உறுதி, அந்த ஈடும் இந்த ஈடும் ஒண்டுதான், அங்க காசுக்குப் பதிலாக் காணி நிக்குது, இஞ்ச போனதுக்குப் பதிலாக் காசு நிக்குது. முழுக்கத் தமிழாத்தான் வேணுமெண்டா இழப்பீடு எண்டு எழுதுங்கோ, நான் நட்டஈட்டை விடமாட்டன், வாயில பழகின சொல்லு.

கிளெய்முக்கு நான் வைக்கிற சொல் ‘உரிமைக்கோரல்’, சுருக்கமா ‘கோரல்’. கோரிக்கை எண்டும் எழுதுவினம், பிழையில்லை, ஆனா ஊர்வலத்தில பதாகையில பிடிக்கிறதையும் கோரிக்கை எண்டுதான் சொல்லுறம், அதால சட்டக் கடதாசிக்குக் கொஞ்சம் தளர்வாக் கிடக்கு. காப்புறுதிக்காரர் கோரல் எண்டுதான் புழங்குகினம், அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி மாமான்ர போமுக்கு வருவம். சாதாரண ஆளொருத்தர் வெளிநாட்டு அரசாங்கத்துக்கு எதிரா நேரடியாப் போய்க் கேக்கிறது லேசில்லை, அதால சொந்த அரசாங்கம் அந்தக் கோரலைத் தன்ர கோரலா எடுத்து நிக்கும். 1924ல சர்வதேச நிரந்தர நீதிமன்றம் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில இதைத்தான் சொன்னது, தன்ர குடிமகனுக்காகக் கேக்கிற அரசு உண்மையில தன்ர உரிமையைத்தான் கேக்குது எண்டு. இங்கிலிஷில இதுக்கு ‘எஸ்பௌசல்’ எண்டு பேர், அடியைத் தோண்டினா ‘கலியாணம் பேசி முடிக்கிறது’ எண்டு வருது. இன்னும் தோண்டினா லத்தீனில ‘ஸ்பொண்டேரே’, சத்தியம் பண்ணிக் குடுக்கிறது. எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ‘ஸ்பொன்சர்’ அதே வேரில இருந்துதான் வந்தது. கனடாவில இருக்கிற அண்ணன் தம்பியைப் பொறுப்பெடுக்கிறமாதிரி அரசாங்கம் கோரலைப் பொறுப்பெடுக்குது எண்டு நினைச்சா விளங்கும், நான் இதுக்குத் தமிழ் ‘கோரலைப் பொறுப்பெடுத்தல்’ எண்டுதான் எழுதுவன்.

குவைத் விசயத்தில 1991ல ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைச்சுது. தனி ஆள் நேர அனுப்பேலாது, அரசாங்கங்கள்தான் சேத்து அனுப்பவேணும். அப்பிடி வந்தது கிட்டத்தட்ட 27 லட்சம் கோரல். 27 லட்சத்தையும் ஒவ்வொண்டா விசாரிக்கிறதெண்டா பேரப்பிள்ளையளின்ர காலத்திலயும் முடியாது. அதால ஓடிவந்த ஆக்களின்ர கோரலுகளை ஒரு வகையாப் பிரிச்சு, போனவை வந்தவையின்ர பதிவுகளோட கம்பியூட்டரில ஒப்பிட்டுப் பாத்து, மிச்சத்துக்கு மாதிரி எடுத்துச் சரிபாத்தவை. அந்த வகைக்கு நிலையான தொகை, வேற வகையில ஒண்டும் கேக்காட்டி தனி ஆளுக்கு 4,000 டொலர், குடும்பத்துக்கு 8,000. காசு ஈராக்கின்ர எண்ணெய் வித்த வருமானத்தில இருந்து கழிச்சது, கடைசித் தவணை 2022 ஜனவரியில, எல்லாமா 52.4 பில்லியன் டொலர். மாமி இதை ‘குவைத் காசு’ எண்டுதான் சொல்லுறா, அதில கிணத்தடிக்குச் சீமெந்து போட்டவையாம்.

இதில கவனிக்கவேண்டியது, அந்த டிக்கட் துண்டு. அதை வச்சிருந்ததாலதான் மாமா அங்க நிண்டதுக்கும் வெளிக்கிட்டதுக்கும் கையில அத்தாட்சி. கோரல் எண்டது கத்துறதுதான், ஆனா கத்தினாப்போல காணாது, தகவல் வேணும், ஆர் நீ, எந்த நாட்டுக்காரன், என்ன போச்சு, எவ்வளவு பெறுமதி, வேற ஆரிட்டையும் காசு வாங்கினியோ எண்டு. இதைக் கேட்டு வாங்கிறதுக்குத்தான் இங்கிலிஷில ‘இன்பர்மேஷன் கலெக்ஷன்’, தமிழில ‘தகவல் திரட்டல்’. சேகரிப்பு எண்டும் சொல்லுவினம், ஆனா முத்திரை சேகரிக்கிறதும் அதுதானே, திரட்டல் எண்டா ஒரு காரியத்துக்கு எண்டு ஒண்டாக்கிறது.

எங்கட மண்ணில இதுக்கு ஒரு பழஞ்சொல் கிடக்கு, தோம்பு. போத்துக்கேயரின்ர ‘தோம்போ’வில இருந்து வந்தது, ஆருக்கு எந்தக் காணி எண்டு எழுதி வச்ச பதிவு. ஒல்லாந்தரும் அதையே தொடர்ந்தவை. காணிச் சண்டை எண்டா தோம்பில பேர் இருக்கோ எண்டதுதான் கேள்வி. தகவலைத் திரட்டி வச்சுக் கோரலைத் தீர்க்கிறது எங்களுக்குப் புதுசில்லை எண்டதுக்குச் சொல்லுறன், இப்ப போய்த் தகவல் திரட்டலுக்குத் தோம்பு எண்டு எழுதச் சொல்லேல்லை.

அமெரிக்காவில இந்த வேலைக்கெண்டே நிரந்தரமா ஒரு ஆணைக்குழு இருக்கு, 1954ல வந்தது, நீதித் திணைக்களத்துக்குக் கீழ. வெளிநாட்டு அரசாங்கங்களுக்கு எதிரா அமெரிக்கக் குடிமக்களின்ர கோரலுகளைப் பாக்கும். முதல்ல உத்தேசத் தீர்மானம், பிடிக்காட்டி ஆட்சேபிச்சு வாய்மொழி விசாரணை கேக்கலாம், பேந்து இறுதித் தீர்மானம், அதுக்கு மேல கோடு கச்சேரி எண்டு போகேலாது. அவையின்ர போமை மாத்தவோ தொடர்ந்து பாவிக்கவோ வேணுமெண்டாக்கூட, நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு கணக்குச் சொல்லி, 60 நாள் சனத்தின்ர கருத்துக்கு விடவேணும். (இஞ்ச ஒரு அலுவலகத்தில ஒரே போமை மூண்டு தரம் நிரப்பின எனக்கு இதை வாசிக்கப் பொறாமையாக் கிடந்தது.) ஆனா சொல்லுக்கும் காசுக்கும் உள்ள தூரத்தையும் அங்கதான் பாக்கலாம்: கியூபாவுக்கு எதிரா 5,913 கோரலைச் சரியெண்டு உறுதிப்படுத்தினவை, 1.9 பில்லியன் டொலர் அளவில, கியூபா இண்டுவரைக்கும் அதுக்குக் காசு குடுக்கேல்லை. கோரல் இருக்கு, நட்டஈடு இல்லை. ரெண்டும் ரெண்டு சொல் எண்டதுக்கு இதைவிட வேற என்ன வேணும்.

பேரனைக் கூப்பிட்டு ‘உரிமைக்கோரல் படிவம்’ எண்டு வடிவா எழுதிக் குடுத்தன். பெடியன் வாசிச்சுப்போட்டு, “நீளமாக் கிடக்கு மாமா, கிளெய்ம் போம் எண்டே போடுறன்” எண்டிட்டுப் போட்டான்.