‘ஆத்திரத்தில் நடந்துவிட்டது’: கொலை வழக்கு மேல்முறையீட்டில் இந்த வாதம் எப்போது நிற்கும்?

நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் கொலைக்கு ஆயுள் தண்டனை விழுந்தால், அடுத்துப் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கெடு 60 நாள். தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்த நாட்கள் இதில் சேராது. தண்டனை பெற்றவருக்கு நகல் இலவசம். சிறையில் இருந்தபடியே சிறை அதிகாரி வழியாகவும் மனு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள்.

சரி, ஆத்திர வாதத்துக்கு வருவோம். இது விடுதலை வாங்கித் தரும் வாதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நிரூபித்தால், குற்றம் ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்று இறங்கும். 1.7.2024-க்கு முந்தைய சம்பவம் என்றால், இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவுக்கு (கொலை) பதில் 304-வது பிரிவு வரும். அதன் முதல் பகுதிப்படி ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை சிறை. அதற்குப் பிந்தையது என்றால் அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவு. ஆயுள் இல்லையென்றால் குறைந்தது 5 ஆண்டு.

தூண்டுதல் கடுமையாகவும் திடீரென்றும் இருக்க வேண்டும். திருவட்டாறு பக்கம் ஒரு விளையில் (தோட்டத்தில்) அதிர் (எல்லை) தகராறு என்று வைத்துக்கொள்வோம். வாய்ச்சண்டையில் ஒருவன் அடிக்க, மற்றவன் கையிலிருந்த வெட்டுக்கத்தியை அந்த நொடியே வீசினால் வாதத்துக்கு இடம் இருக்கிறது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கத்தியோடு திரும்பி வந்தால் கஷ்டம். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் இடைவெளியைத்தான் பார்த்தது: சுமார் மூன்று மணி நேரம், ஆத்திரம் ஆறப் போதும் என்றது. ஆனால் பல காலம் பட்ட கொடுமையின் கடைசித் துளியையும் தூண்டுதலாகப் பார்க்கலாம் என்று 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நாமே வம்புக்கு இழுத்து வாங்கிய தூண்டுதல் எடுபடாது.

நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது, அதாவது தண்டனை பெற்றவர் தரப்புடையது. ஆனால் அரசுத் தரப்பு போலச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். அவர்கள் சாட்சியின் வாயிலிருந்து வந்ததையே நாம் எடுத்துக்கொள்ளலாம். மேல்முறையீட்டில் புதுச் சாட்சி அபூர்வம் என்பதால், கீழ்க் கோர்ட்டு வழக்குக் கட்டுதான் (ஆவணங்கள்) எல்லாம்: முதல் தகவல் அறிக்கையின் நேரம், பிரேதப் பரிசோதனையில் காயங்களின் எண்ணிக்கை, குறுக்கு விசாரணை.

பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ஒன்று. அன்றைக்குக் குற்றவாளிக்கும் காயம் பட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால், காயங்களைக் குறித்து வைக்கும் அந்த விபத்துப் பதிவேட்டு நகல் வழக்குக் கட்டில் இருக்கிறதா என்று வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.