ரிப்போர்ட் எல்லாம் நார்மல், அப்புறம்?

மனநலப் பிரிவுக்குப் பேனிக் அட்டாக்குடன், அதாவது திடீரென்று தாக்கும் கடும் பயத்துடனும் படபடப்புடனும், வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவர் இருக்கும். இசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, வயிற்று ஸ்கேன், சிலரிடம் எண்டோஸ்கோபிகூட. எல்லாமே நார்மல். "ஒண்ணுமில்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார். அப்ப ஏன் உயிர் போற மாதிரி வருது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதய நோய் இல்லை என்பது ஒரு செய்தி. நோயே இல்லை என்பது வேறு செய்தி. அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டையும் ஒரே சொல்லில் முடித்து அனுப்பிவிடுகிறோம். அவரும் அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார், இன்னொரு இசிஜி எடுக்கிறார்.

நடப்பது இதுதான். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்யும் ஏற்பாடு, ஆபத்தே இல்லாத நேரத்தில் கிளம்பிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, சிலருக்கு விரல்கள் உள்பக்கமாக மடங்கி இழுத்துக்கொள்கின்றன. இதைப் பார்க்கிற குடும்பம் வலிப்பு என்று பதறுவதில் ஆச்சரியமில்லை. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும். ஆட்டோ பிடித்து, சீட்டு போட்டு, ஊசி போடுவதற்குள் அது பெரும்பாலும் இறங்கத் தொடங்கியிருக்கும். பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விடுகிறது: "அந்த ஊசி போட்டாத்தான் கேக்குது."

இதைப் படித்துவிட்டு முதல் தடவை வரும் நெஞ்சுவலியைப் பேனிக் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதல் தடவை என்றால் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிடுவதே சரி. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வரும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயங்கி விழுவது, நாற்பது வயதைத் தாண்டி முதன்முறையாக வருவது ஆகியவற்றை இதய மருத்துவர் பார்க்காமல் விடக்கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். தினமும் மது குடிக்கிறவருக்கு, குடிக்காத காலையிலும் வரும்.

பேனிக் அட்டாக்கைவிட அதற்குப் பிறகு வருவதுதான் ஆளை முடக்குகிறது. தனியார் பேருந்து ஓட்டும் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) ஓர் இரவு டிரிப்பில் முதல் அட்டாக் வந்ததும் லீவு போட்டார். அப்புறம் பைக் ஓட்டுவதை விட்டார். அப்புறம் முடிவெட்டப் போவதையும் விட்டார். சலூன் நாற்காலியில் துணியைப் போர்த்திவிட்டால் சட்டென்று எழுந்து ஓட முடியாதே! சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், கூடவே மனைவி. எந்தத் தெருவில் எந்த கிளினிக் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மூளை இதிலிருந்து தப்பான கணக்கு ஒன்றைப் போட்டுக்கொள்கிறது: நான் பிழைத்தது அந்த மாத்திரையாலும் மனைவியாலும்தான், இல்லாவிட்டால் செத்திருப்பேன்.

அந்தக் கணக்கைத் திருத்துவதுதான் பேச்சு சிகிச்சையின் வேலை. மெல்லிய ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னேன். அரை நிமிடத்தில் முகம் மாறியது. "இதேதான் சார், இப்படித்தான் வரும்!" மனைவி தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிட்டார். "நீங்க உக்காருங்கம்மா, பாட்டில் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன். மூன்று பேரும் சும்மா காத்திருந்தோம். மாத்திரை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், அது இறங்கியது. பிறகு வீட்டில் அதே பயிற்சி, அப்புறம் கூட்டமில்லாத நேரத்தில் சலூன், பிறகு டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப். பயம் போனபிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அது போகாது; பயத்தோடு போய்ப் போய்த்தான் குறையும். கேட்க எரிச்சலாக இருக்கும், தெரியும்.

எல்லோருக்கும் பேச்சு சிகிச்சை மட்டும் போதாது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். குறைந்த அளவில் தொடங்குவது அதற்காகத்தான். இதைச் சொல்லாமல் மருந்து எழுதினால், மூன்றாம் நாளே "ஒத்துக்கல" என்று மாத்திரை குப்பைக்குப் போய்விடும். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர வேண்டியிருக்கும். இந்த மருந்துகளுக்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் நிறுத்தும்போது படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது வேறு மாத்திரைக்கு. அல்பிரசோலம் அரை மணி நேரத்தில் இதமாக்கும், அதனாலேயே விட முடியாமல் பிடித்துக்கொள்ளும். மருந்துக் கடைகள் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாத, தனிப் பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டுக்காரர் அரை மாத்திரை கொடுத்து ஆரம்பித்து வைத்த கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்து கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. தாயத்தும் இருக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். சண்டையெல்லாம் "மனசை தைரியமா வச்சுக்கோ" என்று விரட்டுகிற மாமாக்களோடுதான். இதயத் துடிப்பு நூற்று முப்பதில் ஓடுகிறவரிடம் தைரியம் பேசிப் பயனில்லை. பக்கத்தில் உட்காருங்கள். "இது ஏறும், இறங்கும், நான் இருக்கேன்" என்பது போதும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கட்டும் என்று மூக்கில் பை வைத்துப் பிடிக்க வேண்டாம். உண்மையிலேயே ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த ஓபி நாள் வரை காத்திருக்காதீர்கள். அந்த எண்ணை உடனே அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ, பெண் கொடுக்க மாட்டார்களோ என்ற தயக்கம் புரிகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டும் விலக்கு.

வரும்போது அந்த பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவாருங்கள். எடுத்த டெஸ்ட்டையே திரும்ப எடுக்காமல் தப்பிக்கலாம். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் வேண்டும், நாட்டு மருந்து உட்பட. காபி எத்தனை தடவை, குடி எவ்வளவு என்று கேட்பேன். அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று குறைத்துச் சொல்லாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் அவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன்.