வளையம் எடுப்பதும் பாடம்தான்

"வளையம் எடுக்க வைத்தே அரைமணி நேரத்தைக் கழித்துவிடுகிறீர்களே, சவாரியை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று இந்த வாரமும் ஒரு தந்தை கேட்டார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் நாங்கள் இக்கேள்வியை அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம். ஆகவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு என்பது பாடத்துக்கு இடையே தரப்படும் ஓய்வு அன்று. குதிரையின் இடப்புறக் கம்பத்தில் மாட்டிய வளையத்தை வலக்கையால் எடுக்கச் சொன்னால், குழந்தை இடுப்புக்கு மேலே உடலைத் திருப்பவும் வேண்டும், சேணத்திலிருந்து சரியாமல் அமர்ந்திருக்கவும் வேண்டும். 'உடம்பைத் திருப்பு' என்று எத்தனை முறை சொன்னாலும் அசையாத குழந்தை, சிவப்பு வளையம் தனக்கு வேண்டும் என்பதற்காகத் தானே திரும்புகிறது. 'நட', 'நில்' என்று குழந்தை சொன்னால் மட்டுமே குதிரையை நடத்துகிற விளையாட்டில், பேசத் தயங்கும் குழந்தை தன் சொல்லுக்கு அத்தனை பெரிய விலங்கு கட்டுப்படுவதை உடனே காண்கிறது. ஒவ்வொரு முறை குதிரை நிற்கும்போதும் முன்னே சாயும் உடலை நிமிர்த்திக்கொள்ளவும் பழகுகிறது. இது சவாரி இல்லையென்றால் வேறு எது சவாரி?

போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்திருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெலை எடுத்துக்காட்டி, நேரடியாகச் சவாரியே கற்றுத் தரலாமே என்கிறார்கள் சிலர். அவர் நோய்வாய்ப்படுவதற்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. சேணத்தில் நிமிர்ந்து உட்காரவே இப்போதுதான் கற்கும் குழந்தையை அவரோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

இனி, சக பயிற்றுநர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும். பந்து, வளையம், துணிப்பொம்மை எதுவானாலும், குழந்தை ஏறுவதற்கு முன்பே குதிரைக்குக் காட்டி, முகர விட்டு, அது மிரளவில்லை என்று உறுதி செய்யுங்கள். பலூனும் சலசலக்கும் நெகிழிப் பையும் திடலுக்குள் வரவே வேண்டாம். வளையத்தைக் குதிரையின் காதில் மாட்டி வேடிக்கை காட்டாதீர்கள். எந்த விளையாட்டையும் முதலில் நிற்கும் குதிரையில் தொடங்கி, பிறகே நடைக்கு மாற்றுங்கள். பந்தயமாக ஒருபோதும் மாற்றாதீர்கள். இருபுறமும் வரும் உதவியாளர்கள் வளையத்தின் மேல் அன்று, குழந்தையின் மேல் கண் வைத்திருக்க வேண்டும். குதிரை எரிச்சலில் காதைப் பின்னால் மடித்தால் அன்றைய விளையாட்டு அத்துடன் முடிந்தது. டவுன் நோய்க்குறி (டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை) உள்ள குழந்தைகளின் கழுத்து முள்ளெலும்பு மூட்டு உறுதியற்றிருக்க வாய்ப்புண்டு என்பதால், மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் குதிரையில் ஏற்றவே கூடாது. இதில் பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வேலிக்கு வெளியே நின்று 'சீக்கிரம் எடு' என்று தயவுசெய்து கூவாதீர்கள். கையை நீட்ட உங்கள் குழந்தைக்கு எவ்வளவு நேரம் தேவையோ, அதைக் கணக்கில் கொண்டே அந்த விளையாட்டை அமைத்திருக்கிறோம்.