இரத்தப் பரிசோதனை கிட் உருவாக்குபவர்களுக்கு மருத்துவக் கருவிகள் விதிகள் சொல்வது என்ன?

எலிசா, கெமிலுமினெசென்ஸ் போன்ற இம்யூனோஅஸ்ஸே (எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, ஒரு பொருளைப் பற்றிக்கொள்வதை வைத்துக் கண்டறியும்) முறைகளில் இரத்தத்திலுள்ள ஹார்மோனையோ நோய்க்கிருமியின் ஆன்டிஜெனையோ (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் பொருளையோ) கண்டறியும் கிட், இந்தியச் சட்டத்தின் பார்வையில் ஒரு மருத்துவக் கருவியே. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவக் கருவிகள் விதிகள், 2017 இதற்கும் பொருந்தும். விற்பனைக்கு வரும்போது உரிமம் வாங்கினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. சோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் சிறிய அளவில் தயாரிப்பதற்கே எம்டி-12 படிவத்தில் மத்திய உரிம அதிகாரியிடம் விண்ணப்பித்து, எம்டி-13 உரிமம் பெற வேண்டும்.

விதிகள் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. கிட் எந்த வகுப்பில் அடங்கும் என்பதை அதன் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை. தவறான முடிவு வந்தால் நோயாளிக்கும் பிறருக்கும் நேரக்கூடிய தீங்கே தீர்மானிக்கிறது. தானமாகப் பெற்ற இரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றைத் தேடும் கிட்கள் மிக உயர்ந்த ‘டி’ வகுப்பைச் சேர்ந்தவை. புற்றுநோயைக் கண்டறிபவை ‘சி’ வகுப்பு. ஏ, பி வகுப்புகளின் தயாரிப்பு உரிமத்தை மாநில அதிகாரியும், சி, டி வகுப்புகளுக்கு மத்திய அதிகாரியும் வழங்குகிறார்கள். பயன்பாட்டு நோக்கத்தை எழுதும் அந்த ஒற்றை வாக்கியமே வகுப்பையும் திரட்ட வேண்டிய சான்றுகளையும் நிர்ணயிப்பதால், அதை முதலிலேயே நிதானமாக எழுதுவது நல்லது.

உண்மையான உழைப்பு செயல்திறன் சான்றில்தான் இருக்கிறது. கண்டறியும் குறைந்தபட்ச அளவு, ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் சோதித்தால் கிடைக்கும் மதிப்புகளின் நெருக்கம், குறுக்கு வினை (ஒத்த வேறு பொருளையும் தவறாகப் பிடிப்பது), கெடாமல் இருக்கும் காலம் ஆகிய எல்லாவற்றுக்கும் தரவு வேண்டும். ஒரு சிக்கலைப் பார்ப்போம்: அல்கலைன் பாஸ்படேஸ் நொதியைச் சமிக்ஞை தரும் குறியீடாகக் கொண்ட கிட்டில், ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) உள்ள குழாயில் எடுத்த பிளாஸ்மாவைச் சோதித்தால், அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் ஈடிடிஏ பிடித்துக்கொள்வதால் அளவு தவறாகலாம். ஆகவே சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் திரவத்தில்) மட்டும் சரிபார்த்துவிட்டு, லேபிளில் ‘சீரம் அல்லது பிளாஸ்மா’ என்று அச்சிடுவது ஏற்கத்தக்கதல்ல. அதேபோல், இரு எதிர்ப்பொருள்களுக்கு இடையே ஆன்டிஜெனைப் பிடிக்கும் அமைப்பில் அதன் செறிவு மிக அதிகமானால், முடிவு உயர்வதற்குப் பதிலாகப் பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். இந்த ‘ஹூக்’ விளைவு எந்தச் செறிவில் தொடங்குகிறது என்பதையும் காட்டுவது அவசியம்.

மத்திய அதிகாரி இதுவரை அனுமதிக்காத புதிய வகைக் கிட் என்றால், மருத்துவச் செயல்திறன் மதிப்பீட்டை மனித மாதிரிகளில் தொடங்குவதற்கு முன் எம்டி-24 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-25 அனுமதி பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. மதிப்பீட்டின் முடிவுகளுடன் எம்டி-28 மூலம் தயாரிப்பு அனுமதி கோரலாம். தொழிற்கூடத்தின் தர மேலாண்மை ஐந்தாம் அட்டவணைப்படி இருக்க வேண்டும்.

உரிமம் கிடைத்த பிறகும் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. செயல்திறனையோ நிலைப்புத்தன்மையையோ பாதிக்கும் மாற்றத்தை ஆறாம் அட்டவணை பெரிய மாற்றமாகக் கருதுகிறது; அதற்கு முன் அனுமதி அவசியம். எதிர்ப்பொருளை வேறு குளோனுக்கு (அதை உருவாக்கும் வேறு செல் வழிக்கு) மாற்றுவது பெரும்பாலும் இதில் அடங்கிவிடும் என்பதால், விலை குறைவு என்று சப்ளையரை மாற்றும் முன் ஒப்பீட்டுத் தரவைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.