ஒப்பிடுவது பைக்கையா, டயர் காற்றையா?

மவுண்டன் பைக் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். இரண்டு மாடலை எடுத்து வைத்துக்கொண்டு ஹெட் ஆங்கிள் (முன்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்), ரீச் (பெடல் அச்சிலிருந்து முன்பக்கம் வரை ஃபிரேமின் நீளம்), டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும்போது சக்கரம் நகரும் தூரம்) எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கி இரண்டையும் ஓட்டியும் பார்த்திருப்பார்கள். "அந்த ஃபிரேம் மேட்டுல ஏறவே மாட்டேங்குதுண்ணே, இது பறக்குது" என்பார்கள். சிங்கப்பூரில் ஒரு சைக்கிள் பட்டறையில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, "ரெண்டுலயும் என்ன டயர், எவ்வளவு காத்து?" பெரும்பாலும் பதில் வராது.

பதில் தெரியாவிட்டால் அந்த ஒப்பீடே செல்லாது என்பதுதான் என் கருத்து. பல ஆயிரம் வெள்ளி போட்டு வாங்கும் பொருளை, பத்து நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய ஒன்றை வைத்து முடிவு செய்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பட்டறைக்கு வரும் சிலரிடம் நான் ஒரு சோதனை செய்வதுண்டு. அவர்களுடைய பைக்கிலேயே, அவர்களுக்குச் சொல்லாமல் பின்டயரில் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. இருப்பதை 23 ஆக்கிவிட்டு, வேர்கள் நிறைந்த அதே இடத்தில் மறுபடி ஓட்டச் சொல்வேன். "ஷாக்ல ஏதோ மாத்திட்டீங்க, ரொம்ப மெத்துன்னு இருக்கு" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். பின்பக்க அதிர்வுதாங்கியான அந்த ஷாக்கை நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஐந்து பி.எஸ்.ஐ.யே இவ்வளவு செய்கிறது என்றால், ஒரு பைக்கில் மேக்சிஸ் மினியன் டி.எச்.எஃப்., இன்னொன்றில் ரீகான் என்று டயரே வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மினியன் உயரமான ரப்பர்க் கட்டைகள் கொண்டது, ஈர மண்ணைப் பிடிக்கும், உருள்வதில் கொஞ்சம் மந்தம். ரீகான் கட்டைகள் தாழ்ந்தவை, வேகமாக உருளும், வழுக்கும் களிமண்ணில் சீக்கிரம் கைவிடும். "ஏறவே மாட்டேங்குது" என்ற புகார் பாதி நேரம் டயரின் மேல் வரவேண்டியது, ஃபிரேமின் மேல் வந்து விழுகிறது.

சரி, எப்படிச் சமப்படுத்துவது? இரண்டு பைக்கும் பூஸ்ட் என்ற சக்கர அச்சு அகல அளவில் இருந்து (முன்னால் 110, பின்னால் 148 மில்லிமீட்டர்), சக்கர அளவும் கியர் பொருந்தும் ஹப்பும் பிரேக் டிஸ்க் அளவும் ஒன்றாக இருந்தால், ஒரே ஜோடிச் சக்கரத்தை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுவதுதான் மிகச் சிறந்த வழி. டிஸ்க் உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது முடியாவிட்டால் காற்றையாவது சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வைத்து அளந்து ஒன்றாக்குங்கள். பம்பில் இருக்கும் முள்ளை நம்பவேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்குச் சொல்லும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பைக்கை உடனே அளக்கவும் கூடாது. 25 பி.எஸ்.ஐ. அளவில் உள்ள டயர் பத்து டிகிரி சூடேறினால் ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடும்.

அடுத்தது சஸ்பென்ஷன். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடைக்கு ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பாருங்கள். டிரெயில் (காட்டுத்தட) பைக்கில் பின்னால் 25 முதல் 30 சதவீதம், முன் ஃபோர்க்கில் சுமார் 20 சதவீதம் என்று தொடங்கலாம். ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது முழுதாக அமுங்கும் நீளம்) 55 மில்லிமீட்டர் என்றால் 30 சதவீதம் என்பது 16.5 மில்லிமீட்டர். அதன் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தை ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக உட்கார்ந்து, ஆட்டாமல் இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளக்க வேண்டும். ஓட்டும்போது போடும் உடை, ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் அளக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ. 60 கிலோ நண்பருடைய பைக்கில் 80 கிலோ ஆள் அப்படியே ஏறினால் பின்பக்கம் ஆழமாக அமுங்கும், ஹெட் ஆங்கிள் மேலும் சாயும், மேட்டில் முன்சக்கரம் அலையும், பெடல் வேரில் இடிக்கும். அந்த பைக்கை வடிவமைத்தவர் கொடுத்த கோணமே அங்கே இல்லை. பிறகு அதன் ஜியோமெட்ரி சரியில்லை என்று சொல்லி என்ன பயன்?

சீட் உயரம், சொந்த பெடல், ஹேண்டில்பார் அகலம் இவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். 760 மில்லிமீட்டர் அகல பாரிலிருந்து 800க்குப் போனாலே திருப்பும் உணர்வு மாறிவிடும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு விஷயம். பிரிட்டன், ஆஸ்திரேலியா வழக்கத்தில் வலக்கை லீவர் முன் பிரேக். அமெரிக்க வழக்கத்தில் இடக்கை முன் பிரேக். எங்கள் பட்டறைக்கு இரண்டு விதமும் வருகின்றன. இரவல் பைக்கில் செங்குத்தான இறக்கத்தில், பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அழுத்தினால் ஹேண்டிலுக்கு மேலே பறந்து விழ வேண்டியதுதான். டிரெயிலுக்குள் நுழையும் முன் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு லீவராக அழுத்தி, பைக்கைத் தள்ளி, எது எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் பழக்கத்துக்கு எதிராக இருந்தால் லீவர்களை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் அந்த பைக்கில் இறக்கம் வேண்டாம். புது பிரேக் பேடாக இருந்தால் சமதளத்தில் பலமுறை வேகத்தை அழுத்திக் குறைத்துப் பதப்படுத்திய பிறகே நம்புங்கள். ஆக்சில் (சக்கர அச்சு), ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) போல்ட் இரண்டையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் ஓட்டம். கடை வாசலில், கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்ப்பது அளவு பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள மட்டுமே உதவும். அங்கே மெத்தென்று இருக்கும் சஸ்பென்ஷன் எல்லோருக்கும் பிடிக்கும், டிரெயிலில் அதுவே அடி வரை போய் முட்டும். ஐந்து, பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சின்னச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு குத்தேற்றம், வேர்கள், ஒரு இறுக்கமான திருப்பம், ஒரு இறக்கம் இருந்தால் போதும். புக்கிட் தீமாவைச் சுற்றியுள்ள தடத்திலும் உபின் தீவில் கெத்தாம் பூங்காவிலும் இப்படிப்பட்ட துண்டுகள் தாராளமாகக் கிடைக்கும். முதல் பைக், இரண்டாவது, மறுபடி இரண்டாவது, கடைசியில் முதல் என்ற வரிசையில் ஓட்டுங்கள். ஒன்றை முழுக்க ஓட்டி முடித்துவிட்டு மற்றதை எடுத்தால், தடம் பழகியதும் கால் களைத்ததும் பைக்கின் கணக்கில் போய்ச் சேரும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், நண்பர்களிடம் பேசுவதற்கு முன், தோன்றியதை ஃபோனில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் "செம பைக்" என்று சொல்லிவிட்டால் நம் கருத்தும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

நேரத்தை அளப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அடர்ந்த மரங்களுக்கடியில் ஜி.பி.எஸ். தடுமாறும். சின்ன இறக்கத்தில் ஒரே ஆள் ஒரே பைக்கில் இறங்கினாலே சில வினாடிகள் முன்பின் ஆகும். எந்த இடத்தில் பிரேக்கை விடத் துணிந்தீர்கள், எந்த வேரில் பின்சக்கரம் பிடி விட்டது, ஏற்றத்தில் எங்கே காலை ஊன்றினீர்கள் என்ற குறிப்புகள்தான் எனக்குப் பயன்படுகின்றன.

எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும் ஜோடி, 2022இல் வந்த சான்டா க்ரூஸ் டால்பாயும் ஹைடவரும். ஒரே நிறுவனம், ஒரே வகைச் சஸ்பென்ஷன் அமைப்பு, இரண்டிலும் 29 அங்குலச் சக்கரம். டால்பாயில் பின்னால் 120, முன்னால் 130 மில்லிமீட்டர் டிராவல். ஹைடவரில் 145, 150. ஹெட் ஆங்கிளில் சுமார் ஒரு டிகிரி வித்தியாசம். டயரும் காற்றும் ஒன்றாக்கி ஓட்டினால், ஏற்றத்தில் இரண்டுக்கும் இடையே எல்லோரும் எதிர்பார்க்கும் அளவு தூரம் இல்லை. வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில். மெதுவான, இறுக்கமான திருப்பத்தில் டால்பாய் சட்டென்று திரும்புகிறது. தொடர்ச்சியான வேர்களில் வேகமாகப் போகும்போது ஹைடவர் அலட்டிக்கொள்ளாமல் போகிறது, கை குறைவாக வலிக்கிறது.

புக்கிட் தீமாவின் உச்சியே சுமார் 164 மீட்டர்தான், இந்தத் தீவில் அதைவிட உயரமான இயற்கைக் குன்று கிடையாது. நீண்ட இறக்கம் என்ற ஒன்றே இல்லாத ஊரில், வாராவாரம் இங்கேயே ஓட்டுகிறவருக்கு நான் டால்பாய் வகையைத்தான் சொல்வேன். விடுமுறை கிடைத்தாலே, மவுண்டன் பைக் தடங்களுக்குப் பேர்போன நியூசிலாந்தின் ரோட்டோருவாவுக்குச் சொந்த பைக்கையே பெட்டியில் போட்டுக் கொண்டுபோகிறவர் என்றால், ஹைடவரை எடுத்து, இங்கே ஓட்டும் மாதங்களில் பின்னால் ஒரு வேகமான டயரைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.