'தலைகீழ் வகுப்பறை' என்று சொல்லாதீர்கள்

போன வாரம் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் மறுபடியும் அந்தச் சொல்: 'தலைகீழ் வகுப்பறை'. பக்கத்தில் இருந்த மெக்கானிக்கல் துறைக்காரர் என்னிடம் மெதுவாக, "ஏன் சார், இனிமே பசங்களே பாடம் நடத்தணுமா?" என்றார். அவர் மேல் தவறில்லை. சொல் அப்படித்தான் காதில் விழுகிறது.

பிளிப்டு கிளாஸ்ரூம் என்பதற்கு வைத்த பெயர் இது. 2000-இல் அமெரிக்காவின் ஒகையோவில் உள்ள மியாமி பல்கலைக்கழகப் பொருளியல் ஆசிரியர்கள் இம்முறை பற்றி எழுதினார்கள். 2007-இல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வராத மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள், அங்கிருந்து பரவியது. விரிவுரையை வீட்டில் வீடியோவாகப் பார்ப்பது, வீட்டுக்கணக்கை வகுப்பில் போடுவது. அவ்வளவுதான்.

இதில் தலைகீழானது எது? 'எல்லாம் தலைகீழாகிவிட்டது' என்றால் தமிழில் கெட்டுப்போனது என்று பொருள். அதைவிடப் பெரிய சிக்கல், 'தலைகீழ்ப் பாடம்'. எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்ததைத்தான் அப்படிச் சொல்கிறோம். மனப்பாடத்திலிருந்து மாணவனை மீட்க வந்த முறைக்கு மனப்பாடத்தின் பெயரையே சூட்டலாமா? சிலர் 'புரட்டிய வகுப்பறை' என்கிறார்கள். புரட்டு என்றால் பித்தலாட்டம் என்பது அகராதி பார்க்காமலே தெரியுமே! அப்புறம் அந்த 'அறை'. அறையில் ஒன்றும் மாறவில்லை. 'வகுப்பு' போதும்.

நான் 'முன்கற்றல் வகுப்பு' என்கிறேன். புரட்டிப்போடும் படம் இதில் இல்லையே என்பார்கள். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் படம் நமக்கு எதற்கு? மாணவன் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் சரி. 'நாளைக்கு முன்கற்றல் வகுப்பு' என்றால் என் மாணவர்கள் உத்திரத்தின் (பீம்) வெட்டுவிசை (ஷியர் ஃபோர்ஸ்) பற்றிய வீடியோவை, ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையப் பாடத்தளமான என்பிடெல்லில் பார்த்துவிட்டு வருகிறார்கள். வகுப்பில் நாலு நாலு பேராக உட்கார்ந்து அந்த விசையின் வரைபடம் போடுகிறார்கள். புள்ளிச்சுமை, அதாவது ஒரே புள்ளியில் அழுத்தும் சுமை, விழும் இடத்தில் கோடு செங்குத்தாக இறங்க வேண்டும். பலர் சாய்த்து இழுப்பார்கள். அந்த நொடியில் ஆசிரியர் பக்கத்தில் நிற்கத்தான் இந்த முறையே.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், செயலைப் பார்ப்பதில்லை. நேர்வகுப்பையும் இணையவழிப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் பிளெண்டெட் லேர்னிங் இப்படித்தான் 'கலப்புக் கற்றல்' ஆனது. கேட்டதும் கலப்படம் நினைவுக்கு வருகிறது. செயலைப் பார்த்துச் செய்த 'மெய்நிகர் ஆய்வகம்' (கணினியிலேயே சோதனை செய்யும் விர்ச்சுவல் லேப்) எவ்வளவு இயல்பாக நிற்கிறது!

தேநீர் இடைவேளையில் அந்த மெக்கானிக்கல் ஆசிரியரிடம் 'முன்கற்றல் வகுப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ வீடியோவ முந்தின நாளே அனுப்பிடணும்" என்றார்.