கோபார்சனர்னா யாரு? கல்யாணம் ஆன பொண்ணும் தெரிஞ்சுக்க வேண்டியது

பாகப்பிரிவினை கேஸ்னு போனா வக்கீல் அடிக்கடி சொல்ற வார்த்தை கோபார்சனர். பூர்வீக சொத்துல பிறந்த உடனே பங்கு வந்துடுற ஆளுன்னு அர்த்தம். அப்பா எழுதி வைக்கணும், அவருக்கு அப்புறம்தான் கிடைக்கும்ங்கற பேச்சே இல்ல, அவர் இருக்கும்போதே என் பங்கைப் பிரிச்சுக் குடுங்கன்னு கேட்கலாம்.

பிறப்பால உரிமைங்கறது மிதாக்ஷரால இருந்து வருது, சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்ரமாதித்தன் காலத்துல விஞ்ஞானேஸ்வரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதின உரை அது. மகன், பேரன், கொள்ளுப்பேரன்னு ஆண் வழிக்கு மட்டும்தான் இந்த உரிமைன்னு நடைமுறை இருந்துச்சு. வெள்ளக்காரன் கோர்ட் வந்தப்போ அவங்க ஊர் சட்டத்துல இருந்த கோபார்சனர்ங்கற பேரை இதுக்கு வெச்சுட்டாங்க. ஆனா இங்கிலாந்துல அது பெரும்பாலும் யாரைக் குறிச்சுது தெரியுமா, ஆண் வாரிசு இல்லாத வீட்ல நிலத்தை சேர்ந்து அடையற அக்கா தங்கச்சிங்களை! அந்தப் பேரை இங்க கொண்டுவந்து பொண்ணுங்களையே வெளிய நிறுத்தினதை நினைச்சா இப்பவும் மனசு ஆறல.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் இதை மாத்தல. தமிழ்நாட்ல 1989 மார்ச் 25ல இருந்து மகளும் கோபார்சனர் ஆனாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாது. 2005 செப்டம்பர் 9ல வந்த மத்திய திருத்தம்தான் கல்யாணம் ஆச்சா இல்லையாங்கற கேள்வியையே எடுத்துச்சு. அன்னிக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணுமான்னு பல வருஷம் சண்டை ஓடி, 2020ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் தேவையே இல்லன்னுடுச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே விற்பனையோ, ரிஜிஸ்டர் பண்ணின பாகப்பிரிவினையோ, கோர்ட் டிக்ரியோ ஆகியிருந்தா மட்டும் இந்தத் திருத்தத்தை வெச்சு அதைக் கிளற முடியாது, சும்மா வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சுன்னு சொன்னா கோர்ட் லேசுல ஏத்துக்காது.

அப்பாவோட சுயசம்பாத்தியம் வேற. அதை யாருக்கு வேணா உயில் எழுதலாம், எழுதாம இறந்துட்டா மனைவி, மகன், மகள், அவரோட அம்மா எல்லாருக்கும் சமபங்கு.

அப்புறம் இந்த விடுதலைப் பத்திரம், அதாவது என் பங்கை விட்டுக் குடுக்கறேன்னு எழுதித் தர்ற பத்திரம். "உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே, ஒரு கையெழுத்து போட்டுடும்மா"ன்னு வருவாங்க. நகை வாங்கினதால பங்கு போகாது, அந்தக் கையெழுத்தால போயிடும். ரிஜிஸ்டர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடியே பத்திர நகலை வாங்கி, எந்தெந்த சர்வே நம்பர் எழுதியிருக்கு, சொத்து தாத்தா வழியா வந்ததா அப்பா வாங்கினதான்னு மூலப்பத்திரத்தோட ஒத்துப் பாருங்க.